இல்லை என்ற வாசலில் மறுபடியும்

"ஆள் தேவையில்லை, போ!" என்று ஒரு முறை சொல்லிவிட்ட ஆலையின் வாசலில் மறுபடியும் போய் நிற்கலாமா?

மில் தொழிலாளர்கள் குடியிருக்கும் எந்தத் தெருவில் இதைக் கேட்டாலும் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, ரோஷக்காரரின் பதில். "வேண்டாம் என்றவன் வாசற்படியை மறுபடியும் மிதிப்பதா? மானம் என்ன ஆவது?" என்பார் அவர். மற்றொன்று, பசித்த வயிற்றின் பதில். "மானம் சோறு போடுமா? கையைக் காலைப் பிடித்தாவது உள்ளே நுழைந்துவிட வேண்டும்" என்பார் இவர்.

இரண்டு பதில்களும் தவறு என்பதே நமது அபிப்பிராயம். போகத்தான் வேண்டும். இரண்டாவது முறையும் போக வேண்டும், மூன்றாவது முறையும் போக வேண்டும். ஆனால் பிச்சை கேட்பவரைப் போலப் போகக் கூடாது. வெறுங்கையோடு போகக் கூடாது. தனியாகவும் போகக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

"இல்லை" என்றால் என்ன அர்த்தம்?

வாசலில் "இல்லை" என்று கேட்டதும் நம்மவர் முதலில் என்ன நினைக்கிறார்? "நமக்குத் திறமை போதாது போலிருக்கிறது. நம் ராசி அப்படி. நாம் எதற்கும் லாயக்கில்லை" என்று தன்னைத்தானே நொந்து கொள்கிறார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் கூடச் சொல்வதில்லை. நாலு பேர் பார்க்கும் இடத்துக்குப் போகவும் கூசுகிறார்.

எதற்காகக் கூச வேண்டும்? ஆலை ஆளை எடுப்பதும் நிறுத்துவதும் எதைப் பார்த்து? பஞ்சு விலையைப் பார்த்து. கிடங்கில் தேங்கியிருக்கும் நூலைப் பார்த்து. மின்சாரத்தைப் பார்த்து. 2008 தொடங்கிப் பல ஆண்டுகள் தமிழ்நாட்டைப் பிடித்தாட்டிய மின்வெட்டுக் காலத்தில் ஆலைகள் ஷிப்டுகளைக் குறைத்தன. அப்போது வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட ஸ்பின்னிங் தொழிலாளியின் விரல்களுக்கு இழை முடிச்சுப் போடத் தெரியாமலா போய்விட்டது? மின்சாரம் இல்லை, ஆகவே வேலையும் இல்லை. அவ்வளவுதான்.

வயலிலும் அதே கதைதான். நடவுக்கு "ஆள் போதும்" என்ற பண்ணை, மழை பெய்து வயலில் மிஷின் இறங்க முடியாமற் போனால், அறுப்புக்கு வீடு தேடி ஆள் அனுப்புகிறது. அன்றைக்கு வேண்டாதவர் இன்றைக்கு வேண்டியவராகி விட்டார். அவர் கை மாறவில்லை, அரிவாள் மாறவில்லை. பண்ணையின் தேவை மாறிவிட்டது.

ஆகவே முதலில் இதைத் தெரிந்து கொள்ளுங்கள். வாசலில் கேட்ட "இல்லை" என்பது அன்றைய தினத்தில் முதலாளிக்கு இருந்த தேவையைப் பற்றிய பேச்சு. உங்கள் உழைப்பைப் பற்றிய தீர்ப்பு அல்ல. தேவை மாறும்போது பேச்சும் மாறும். அதனால்தான் மறுபடியும் போக வேண்டும் என்கிறோம்.

அந்த வார்த்தையைச் சொன்னது யார்?

அந்தக் காலத்தில் மில்லுக்குள் ஆள் எடுத்தவன் மேஸ்திரி. பம்பாயிலும் மற்ற பஞ்சாலை நகரங்களிலும் அவனை ஜாபர் என்றார்கள். ஆளைச் சேர்ப்பவனும் அவன், வேலை வாங்குபவனும் அவன், விலக்குபவனும் அவன். கை நனைத்தால்தான் பெயர் கூப்பிடுவான். இந்தக் கொள்ளையை வெள்ளைக்கார அரசாங்கம் நியமித்த விட்லி கமிஷனே மூடி மறைக்க முடியவில்லை. 1931-இல் வந்த அதன் அறிக்கை, ஆள் எடுக்கும் அதிகாரத்தை ஜாபரிடமிருந்து பறித்து, அதற்கென்று லேபர் ஆபீசர்களை நியமிக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது.

இன்றைக்கு ஜாபர் என்ற பெயர் இல்லை. கான்ட்ராக்டர் என்று ஒருவர் இருக்கிறார். ஏஜென்டு என்று ஒருவர் இருக்கிறார். ஆலை ஆபீசில் போய்க் கேட்டால் "கான்ட்ராக்டரைக் கேள்" என்கிறார்கள். கான்ட்ராக்டரைக் கேட்டால் "ஆபீசில் சொல்லவில்லை" என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவே தொழிலாளி பந்தாக உருள்கிறார். "இல்லை" என்றது யார், எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காக என்று எங்கேயும் எழுத்து இல்லை.

இந்த எழுத்தில்லாத "இல்லை"தான் நம் எதிரி. வாய்ச் சொல்லாக வந்த மறுப்பை எவனும் எப்போதும் மாற்றிப் பேசலாம். "நீ மனுவே கொடுக்கவில்லையே" என்று கூடச் சொல்லலாம்!

எல்லா "இல்லை"யும் ஒன்றல்ல

மறுபடியும் போவதற்கு முன்னால், முதல் முறை கேட்ட "இல்லை" எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

"இப்போது காலி இல்லை" என்றால் அது காலத்தைப் பற்றிய மறுப்பு. ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்துப் போகலாம். உள்ளே இருக்கும் தொழிலாளர்களை விசாரித்துக் கொண்டு போவது நல்லது. புது ரிங் பிரேம் வந்து இறங்குகிறதா, மூன்றாவது ஷிப்ட் ஓடப் போகிறதா, யார் ரிடையர் ஆகிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

"உனக்கு இந்த வேலை தெரியாது" என்றால் அது தொழிலைப் பற்றிய மறுப்பு. இதே நிலையில் நாளைக்கே போய் நின்றால் பயன் இல்லை. இடையில் ஏதாவது மாறியிருக்க வேண்டும். சிறிய மில்லில் ஆறு மாதம் கார்டிங்கில் நின்றிருக்கலாம். ஐ.டி.ஐ.யில் பிட்டர், எலெக்ட்ரீஷியன் படிப்பு முடித்திருக்கலாம். "அன்று தெரியாது, இன்று தெரியும். இதோ அத்தாட்சி" என்று காட்ட ஒரு தாள் வேண்டும். மறுப்புக்குக் காரணமாகச் சொன்ன குறை தீர்ந்துவிட்டது என்று காட்டினால் போதும். வேறு கதை எதுவும் பேச வேண்டியதில்லை.

"நீ ஏற்கெனவே இங்கே வேலை பார்த்தவன், இனி எடுக்க மாட்டோம்" என்றால் அது வேறு ரகம். அங்கே சட்டம் வருகிறது.

"நீ சங்கத்துக்காரன்" என்பது இன்னொரு ரகம். அதை யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் உங்களுக்குப் பின்னால் வந்தவரெல்லாம் உள்ளே போக, நீங்கள் மட்டும் வெளியே நிற்கும்போது தெரிந்துவிடும்.

இந்தக் கடைசி இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

ஆட்குறைப்பில் போனவரின் உரிமை

1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தில் 1953-இல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். அதில் 25-எச் என்று ஒரு பிரிவு. ஆட்குறைப்பில் வெளியே அனுப்பிய முதலாளி, பின்னால் புதிதாக ஆள் எடுக்கும்போது, முதலில் அந்தப் பழைய தொழிலாளருக்குத் தகவல் கொடுத்து வாய்ப்பளிக்க வேண்டும், வருகிறேன் என்பவருக்கு மற்றவரைக் காட்டிலும் முன்னுரிமை தர வேண்டும் என்று அது சொன்னது. இதற்கு வருஷக் கணக்கில் வரம்பு எதுவும் அந்தப் பிரிவில் இல்லை.

அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2020-ஆம் வருஷத்துத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது அமலுக்கு வந்தது. முன்னுரிமை அதிலும் இருக்கிறது. ஆனால் ஒரு கத்தரி போட்டிருக்கிறார்கள். ஆட்குறைப்பு நடந்த ஒரு வருஷத்துக்குள் ஆள் எடுத்தால்தான் பழைய தொழிலாளிக்கு முன்னுரிமை. முதலாளி பதின்மூன்று மாதம் காத்திருந்தால் போதும், பழையவர் புதியவர் என்ற பேச்சுக்கே இடமில்லை!

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் என்ன? ஆட்குறைப்பில் போனவர் வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கக் கூடாது. அந்த ஒரு வருஷத்துக்குள் "நான் வேலைக்குத் தயாராக இருக்கிறேன்" என்று எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும். ஒரு தடவை அல்ல, அவ்வப்போது தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்று. "விருப்ப ஓய்வு" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். "இதில் கையெழுத்துப் போடு. பணத்தை வாங்கிக் கொள். பிறகு நிலைமை சரியானால் மறுபடி எடுத்துக் கொள்கிறோம்" என்பார்கள். தொழிலாளர்களே, உஷார்! விருப்பப்பட்டுப் போனவர் சட்டத்தின் கண்ணில் ஆட்குறைப்பு செய்யப்பட்டவர் அல்ல. அவருக்கு இந்த முன்னுரிமை கிடையாது. குறிப்பிட்ட காலத்துக்கென்று ஒப்பந்தம் போட்டு எடுக்கப்பட்டு, காலம் முடிந்ததும் வெளியே வந்தவருக்கும் இந்தப் புதுச் சட்டத்தில் அது கிடையாது. "மறுபடி எடுத்துக் கொள்கிறோம்" என்ற வாக்கு உண்மையென்றால் அதையும் அதே தாளில் எழுதித் தரட்டும். எழுத மறுக்கும் வாக்கை நம்பி எவரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

மனு கொடுக்கவே கூடாத இடம்

மறுபடியும் மனு கொடுங்கள் என்று சொல்லும் நாமே, சில இடங்களில் மனு கொடுக்கவே கூடாது என்றும் சொல்கிறோம். விந்தையாக இருக்கிறதா? கேளுங்கள்.

மில்லில் வேலை பார்க்கும் ஒரு பெண் கர்ப்பமாகிறாள். "நின்று கொள்ளம்மா. பிள்ளை பெற்று உடம்பு தேறியதும் வா. புதிதாக ஒரு மனு கொடு, எடுத்துக் கொள்கிறோம்" என்று மிகவும் தயாளமாகப் பேசுகிறார் ஆபீசர். அந்தப் பெண்ணும் கும்பிட்டு விட்டுப் போகிறாள். திரும்பி வந்து மனு கொடுத்தால் "இப்போது காலி இல்லை" என்கிறார்கள். அல்லது புது ஆளாக, அடிமட்டக் கூலியில் சேர்க்கிறார்கள். அவளுடைய பழைய சர்வீஸ் என்ன ஆயிற்று? காற்றோடு போயிற்று!

பிரசவத்துக்காக வேலைக்கு வராமல் இருக்கும் பெண்ணை அந்தக் காலத்தில் வேலையிலிருந்து விலக்குவது குற்றம் என்று 1961-ஆம் வருஷத்து மகப்பேறு சலுகைச் சட்டம் சொன்னது. முந்திய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் சம்பளத்தோடு லீவு. 12 வாரமாக இருந்த அந்த லீவை, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக 2017-இல் உயர்த்தினார்கள். இந்த விதிகளெல்லாம் இப்போது 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் இருக்கின்றன. ஆகவே அந்தப் பெண் கேட்க வேண்டியது லீவு, கொடுக்க வேண்டியது லீவு மனு. அவள் வேலையை விட்டுப் போகவில்லை. விட்டுப் போகாதவள் மறுபடியும் வேலைக்கு மனு கொடுப்பதா? அப்படிக் கொடுத்தால், தன் வேலை போய்விட்டது என்று தானே எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

பதிலித் தொழிலாளரின் கதையும் இதேதான். சில மாதம் வேலை கொடுப்பார்கள். பிறகு பத்து நாள் நிறுத்தி வைத்து, "புதிதாக மனு கொடுத்துச் சேர்" என்பார்கள். எதற்காக இந்த நாடகம்? 24 மாத காலத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அந்த 480-ஐ எட்ட விடாமல் கணக்கை உடைப்பதற்குத்தான் புது மனு, புது நம்பர், புது டோக்கன். நிரந்தரச் சலுகைகளைத் தராமல் ஏய்ப்பதற்காகத் தொழிலாளரை ஆண்டுக் கணக்கில் பதிலியாகவும் தற்காலிகமாகவும் வைத்திருப்பது நியாயமற்ற தொழில் நடவடிக்கை என்று 1982-இல் நாடாளுமன்றம் கொண்டு வந்த திருத்தமும் சொல்லிற்று. சட்டம் இருந்தும் ஏய்ப்பு நடப்பது எதனால்? நம்மிடம் கணக்கு இல்லாததனால்! வேலை பார்த்த ஒவ்வொரு நாளையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கூலிச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். "புதிதாகச் சேர்" என்று சொல்லும்போது, அந்த நோட்டை எடுத்துக் கொண்டு முதலில் சங்கத்துக்குப் போங்கள், பிறகு டைம் ஆபீசுக்குப் போங்கள்.

கறுப்புப் பட்டியல்

இனி, "சங்கத்துக்காரன்" என்று சொல்லாமல் சொல்லும் "இல்லை"க்கு வருவோம்.

பிரிட்டனில் கட்டட வேலைத் தொழிலாளர் பலர் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்கினார்கள். தொழில் தெரிந்தவர்கள், அனுபவஸ்தர்கள். ஆனாலும் மறுபடி மறுபடி "இல்லை" என்றே பதில் வந்தது. தங்கள் கையிலே என்ன குறை என்று அவர்கள் தங்களையே கேட்டுக் கொண்டிருந்தார்கள். 2009-இல் அரசாங்கத்தின் தகவல் பாதுகாப்பு அதிகாரிகள் ஓர் ஆபீசில் சோதனை போட்டபோது குட்டு உடைந்தது. 3,213 பெயர்கள் அடங்கிய ரகசியப் பட்டியல் அங்கே கிடைத்தது. யார் சங்கத்தில் தீவிரமாக இருந்தார், யார் பாதுகாப்புக் குறைகளைப் பற்றிப் புகார் செய்தார் என்றெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். பெரிய பெரிய கட்டடக் கம்பெனிகள் பணம் கட்டி இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஆள் எடுத்தன. தொழிலாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2016-இல் கம்பெனிகள் மன்னிப்புக் கேட்டு, பல நூறு பேருக்கு நஷ்டஈடு கொடுத்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தனித்தனியாகப் போய் நின்ற வரைக்கும், ஒவ்வொருவரும் அதைத் தன் சொந்தத் துரதிர்ஷ்டம் என்றே நினைத்தார். நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து "உனக்கும் அப்படியா? எனக்கும் அப்படித்தான்!" என்று பேசினால்தான், அது துரதிர்ஷ்டம் அல்ல, சதி என்பது விளங்கும். ஆகவே திரும்பத் திரும்ப மறுக்கப்படும் தொழிலாளி அதை மூடி மறைக்காமல் வெளியே சொல்ல வேண்டும். எந்த ஆலை, எந்தத் தேதி, யார் என்ன சொன்னார் என்று ஒருவர் விடாமல் ஓர் இடத்தில் பதிந்தால், அந்தக் கணக்கே சாட்சி சொல்லும்.

வயலில் மறுக்கப்பட்டவர்

விவசாயத் தொழிலாளிக்கு இந்த விஷயத்தில் பாதுகாப்பு இன்னும் குறைவு. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று 1959-இல் வந்த சட்டம் கூட, தனியார் விவசாயக் கூலி வேலையை வெளியே விட்டுவிட்டது.

ஆனால் வயலில் உழைப்பவர் எழுத்து வாங்கிய வரலாறும் உண்டு. தஞ்சைப் பண்ணையாட்களை மிராசுதார்கள் நினைத்தபோது விரட்டியடிப்பதை எதிர்த்துப் பெரும் கிளர்ச்சி நடந்தது. அதன் பலனாக 1952-இல் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. "நாளை முதல் வராதே" என்ற ஒரு வார்த்தையில் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும் அதிகாரத்துக்கு அது ஒரு கடிவாளம் போட்டது.

2005-ஆம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டமும் ஒரு நல்ல பழக்கத்தைக் கொண்டு வந்தது. வேலை கேட்டு மனு கொடுத்தால் தேதி போட்ட ரசீது தர வேண்டும். 15 நாளுக்குள் வேலை தர வேண்டும். தராவிட்டால் படி தர வேண்டும், முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல். "வேலை இல்லை" என்று சொல்வதற்கு ஒரு விலை வைத்தது அந்தச் சட்டம். ஆனால் பல ஊர்களில் நடந்தது என்ன? வாயால் கேட்டார்கள், வாயாலேயே "அப்புறம் வா" என்றார்கள். ரசீது இல்லை, ஆகவே 15 நாள் கணக்கும் தொடங்கவில்லை, படியும் இல்லை. ஒரு துண்டுக் காகிதம் கையில் இல்லாததால் உரிமை கைவிட்டுப் போயிற்று. அந்தச் சட்டத்தின் கதி பிற்பாடு என்ன ஆனாலும் சரி, அது கற்றுக் கொடுத்த பாடத்தை நாம் மறக்கலாகாது. மனு என்றால் எழுத்து. எழுத்து என்றால் தேதி. தேதி என்றால் ரசீது.

எப்படிப் போவது?

இரண்டாம் முறை போகும்போது ஒரு மனு எழுதிக் கொண்டு போங்கள். நீளம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். முன்பு எந்தத் தேதியில் வந்து கேட்டேன், யாரிடம் கேட்டேன், என்ன பதில் சொன்னார்கள் என்று முதலில் எழுதுங்கள். முன்பு மறுத்ததை மறைக்க வேண்டாம். மறைத்தால் பயந்தவராகத் தோன்றும், சொன்னால் நேர்மையானவராகத் தோன்றும். பிறகு இடையில் மாறியது என்ன என்று எழுதுங்கள். புதிதாகக் கற்ற வேலை, வேலை பார்த்த வேறு இடம், வாங்கிய சர்டிபிகேட். பின்பு எந்த வேலை, எந்த ஷிப்ட் என்று திட்டமாகக் கேளுங்கள். "எதையாவது கொடுங்கள்" என்று எழுதுவது மனு அல்ல, கெஞ்சல்.

இரண்டு பிரதி எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் முத்திரையோ கையெழுத்தோ வாங்குங்கள். தர மறுத்தால், தபாலில் பதிவு செய்து அனுப்புங்கள். அந்தத் தபால் ரசீதே உங்கள் சாட்சி. எழுதத் தெரியாதவர் வெட்கப்பட வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் உங்கள் பிள்ளை எழுதித் தருவான், சங்க ஆபீசில் எழுதித் தருவார்கள்.

எப்படிப் போகக் கூடாது?

தரகனுக்குப் பணம் கொடுத்துப் போகக் கூடாது. "முதல் தடவை கிடைக்கவில்லை அல்லவா? பத்தாயிரம் கொடு, இந்தத் தடவை நான் முடித்துத் தருகிறேன்" என்று ஒருவன் வருவான். ஒரு முறை மறுக்கப்பட்டவரின் மனக் கலக்கம்தான் அவனுடைய மூலதனம். வேலை கிடைத்தால் தன்னால் கிடைத்தது என்பான். கிடைக்காவிட்டால் ஆளையே காண முடியாது.

கூலியைக் குறைத்துக் கேட்டுப் போகக் கூடாது. "மற்றவருக்குக் கொடுப்பதில் நூறு ரூபாய் குறைத்துக் கொடுங்கள், என்னை எடுத்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லும் தொழிலாளி, உள்ளே இருப்பவரின் கூலிக்கு உலை வைக்கிறார். இன்றைக்கு அவர் உள்ளே போவார். நாளைக்கு அவரைவிட நூறு ரூபாய் குறைத்துக் கேட்டு இன்னொருவர் வருவார். அப்போது இவர் மறுபடியும் வாசலில்! ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் பக்கத்து மிஷினில் நிற்கும் தொழிலாளி மீது கோபப்பட்டும் பயன் இல்லை. அவரும் தன் ஊரில் "இல்லை" என்ற பதிலைக் கேட்டுவிட்டு வந்தவர்தான். அவருக்கும் நமக்கும் ஒரே கூலி என்று கேட்பதுதான் இருவருக்கும் பாதுகாப்பு.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. உங்களை நேற்று வரை விரட்டிய வாசல் இன்றைக்குத் தானாகத் திறந்து, "வா தம்பி, வேலை தயார்" என்று அழைத்தால், உள்ளே எட்டிப் பாருங்கள். மிஷின்கள் ஏன் காலியாக நிற்கின்றன? உள்ளே இருந்தவர்கள் வேலைநிறுத்தம் செய்து வெளியே நிற்கிறார்கள் என்றால், அந்த வாசலில் கால் வைக்காதீர்கள். அடுப்பில் பூனை தூங்கும் வீட்டிலிருந்து வருபவரிடம் இதைச் சொல்வது லேசான காரியம் அல்ல என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்படிக் கிடைக்கும் வேலை, வேலைநிறுத்தம் முடியும் நாள் வரைக்கும்தான். அதன் பிறகு முதலாளிக்கும் நீங்கள் வேண்டாம், தொழிலாளருக்கும் நீங்கள் வேண்டாம்.

ஒரே வாசலை நம்பிக் கிடக்கவும் கூடாது. மூன்று முறை எழுத்து மூலம் கேட்டும் காரணம் சொல்லாமல் மறுத்தால், அந்த மனுப் பிரதிகளைச் சங்கத்தில் கொடுத்துவிட்டு வேறு இடத்திலும் வேலை தேடுங்கள். குடும்பம் காத்திருக்காது. உரிமையை விடாமலிருப்பது வேறு, ஓர் ஆலையின் நிழலில் ஆயுளைக் கழிப்பது வேறு.

உள்ளே இருப்பவர்களுக்கு

இதுவரை வெளியே நிற்பவரிடம் பேசினோம். இனி உள்ளே டோக்கனோடு இருக்கும் தொழிலாளர்களிடம் ஒரு வார்த்தை.

"நமக்கு வேலை இருக்கிறது, வாசலில் நிற்பவன் பாடு அவன் பாடு" என்று இருந்துவிடாதீர்கள். வாசலில் கூட்டம் இருக்கும் வரைக்கும் உங்களுக்கும் மிரட்டல் இருக்கும். "நீ போனால் வெளியே நூறு பேர்" என்ற பேச்சை நீங்கள் கேட்டதில்லையா?

சட்டப்படியும் வெளியே தனியாக நிற்பவருக்குப் பலம் குறைவு. ஒருவருக்கு வேலை கொடுப்பது, கொடுக்காதது பற்றிய பிரச்சினையும் தொழில் தகராறாகலாம் என்று 1947-ஆம் வருஷத்துச் சட்டம் இடம் வைத்தது. ஆனால் எவருக்காக வேண்டுமானாலும் தகராறு கிளப்ப முடியாது, அந்த நபரின் வேலையில் தொழிலாளருக்கு நேரடியான, கணிசமான அக்கறை இருக்க வேண்டும் என்று 1958-இல் அசாமின் டிமாகுச்சி தேயிலைத் தோட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. இதன் பொருள் என்ன? பதிலியும், ஆட்குறைப்பில் போனவரும் நம்மவர் என்று சங்கம் சொந்தம் கொண்டாட வேண்டும். அவர்கள் பெயரைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். கோரிக்கை மனுவில் அவர்கள் பிரச்சினையும் இடம் பெற வேண்டும். அப்போதுதான் அது ஒருவரின் புலம்பலாக இல்லாமல் தொழிலாளரின் தகராறாக ஆகும்.

என்ன கோரிக்கை? கூப்பிடும் வரிசையைச் சுவரில் ஒட்டு என்பதுதான்! முதலில் மனு கொடுத்தவர் யார், அடுத்தவர் யார், யாருக்கு எத்தனை நாள் சர்வீஸ் என்று எல்லோரும் பார்க்கும்படி பட்டியல் இருக்கட்டும். மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்கட்டும். இது நடக்காத காரியமா? துறைமுகத்தில் நடந்தது. தினம் காலையில் கேட்டில் கும்பலாக நின்று, மேஸ்திரி கை காட்டினால் உள்ளே போவது, இல்லாவிட்டால் வீடு திரும்புவது என்றுதான் துறைமுகத் தொழிலாளர் வாழ்ந்தார்கள். 1948-இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன் கீழ் பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் பெயர்களைப் பதிவு செய்து முறைப்படி வேலை கொடுக்கும் ஏற்பாடு ஏற்பட்டது. மேஸ்திரியின் விரல் இருந்த இடத்தில் பதிவேடு வந்தது. கப்பலுக்கு முடிந்தது கதருக்கும் கண்டுக்கும் முடியாதா?

ஆகவே, "இல்லை" என்று சொல்லி அனுப்பப்பட்ட தொழிலாளர்களே! தலை குனிய வேண்டியவர் நீங்கள் அல்ல. மறுபடியும் போங்கள். தேதி போட்ட மனுவோடு போங்கள். போவதற்கு முன் சங்கத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். வரும்போது ரசீதோடு வாருங்கள். அந்த ரசீது உங்கள் கையில் இருக்கும் வரைக்கும், "நீ வந்து கேட்கவே இல்லை" என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது.